துலா மிதித்த மகளுக்கு

பிள்ளைக்கு,

நீ சுகமாக வன்னிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று, கிளாலிக் கடலேரிக் கரையில் உன்னோடு படகுக்குக் காத்திருந்த ஒருவர் வழியாகச் செய்தி கிடைத்தது. பதில் எழுதத் தபாலை நம்புவதா என்று யோசித்தேன். நான் நம்பியவை எல்லாம் என்னைக் கைவிட்டிருக்கின்றன. தபாலை மட்டும் ஏன் விட்டுவைக்க வேண்டும். அதனால் இதை எங்கள் பகுதியில் வெளிவருகிற சஞ்சிகைக்குக் கொடுக்கிறேன். காகிதம் வராததால் கோடு போட்ட கொப்பித் தாளில்தான் இப்போது அதை அச்சடிக்கிறார்கள். படகேறி வன்னிக்கு வருகிற யாருடைய பையிலாவது அது உன்னிடம் வந்து சேரும். வேறொரு காரணமும் இருக்கிறது. உன்னைப் பற்றிக் கதைத்தவர்கள் இந்த ஊரில் பலர். அவர்களும் வாசிக்கட்டும். அதற்காக உனக்குத் தெரிந்த கதைகளையே திரும்பவும் எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கொழும்பிலிருந்து அகதிகளை ஏற்றி வந்த சரக்குக் கப்பலில் நீ என் மடியில் இருந்தாய். அதுவரை நான் ஓர் அரசாங்கக் கந்தோரில் படம் கீறுகிறவன். எங்கோ வரண்டு கிடந்த ஊர்களுக்குத் தண்ணீர் போகவேண்டிய வாய்க்கால்களைக் காகிதத்தில் கீறினேன். வீடு எரிந்த அன்று, பத்து வருடம் என் பக்கத்து மேசையில் இருந்தவன், நாங்கள் போய்த் தட்டியும் தன் வீட்டுக் கதவைத் திறக்கவில்லை. யன்னல் சீலை அசைந்ததை நான் கண்டேன். அந்தச் சீலையின் நிறம் இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதை மறக்க நான் முயன்றதும் இல்லை. உடுத்திருந்த கந்தோர்க் காற்சட்டையோடு வந்து கப்பல் ஏறினேன். நடுக்கடலில் நீ கேட்டாய்: "அப்பா, ஊரிலை எங்களை ஆருக்கும் தெரியுமோ?" நான் சொன்னேன்: "எல்லாருக்கும் தெரியும். அங்கை இருக்கிறது முழுக்க எங்கடை ஆக்கள்."

அந்த எங்கடை ஆக்களோடு ஒரு வருடம் முடிய முன்னர் நான் நீதிமன்றப் படி ஏறினேன். சண்டிலிப்பாயில் என் பாட்டனின், எங்கள் அப்புவின், தோட்டம் இரண்டு பங்கு. ஒன்று என் ஐயாவுக்கு வந்தது, மற்றது அவருடைய தங்கச்சிக்குச் சீதனமாகப் போனது. அந்த மாமியின் மகன் தம்பிராசா, எனக்கு மச்சான், உனக்கு மாமா. கிணறு இரண்டு பங்குக்கும் நடுவில். தண்ணீர் இறைக்கிற நீண்ட ஏற்றமரமான துலாவைத் தாங்குகிற ஆடுகால் இரண்டும் எங்கள் பக்கத்தில் வேரோடி நிற்கிற பூவரச மரங்கள். அதன் மேல் ஏறிக் கிடக்கிற துலா, அவர்கள் வளவில் தறித்த பனை. ஒரு தலைமுறை முழுவதும் இரண்டு வீட்டாரும் ஒன்றாக நின்று இறைத்தார்கள். எது எவருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. அதைக் கேட்பதற்குப் படித்த ஒருவன் கொழும்பிலிருந்து வரவேண்டியிருந்தது. தண்ணீர் முறையில் தம்பிராசா என்னை ஏமாற்றுகிறான் என்று எனக்குப் பட்டது. இப்போதும் அப்படித்தான் படுகிறது. நான் கிணற்றை அளந்தேன். நடுவால் கோடு போட்டு, ஆடுகாலையும் துலாவையும் காட்டி, கந்தோரில் கீறியதைவிடத் திறமான படம் ஒன்று கீறினேன். நீதவான் அந்தப் படத்தைப் பாராட்டினார். அதை வைத்துத்தான் தீர்ப்பும் சொன்னார்: ஆடுகால் எங்களுக்கு, துலா அவர்களுக்கு.

யாழ்ப்பாணத்தில் வேலிக்கு வழக்குப் பேசியவர்கள் ஆயிரம் பேர். ஒரு துலாவை இரண்டாகப் பிரித்து, ஆளுக்கொரு பாதியை வென்று, இரண்டு பேரும் தண்ணீர் இல்லாமல் வீட்டுக்கு வந்தவர்கள் நாங்கள் மட்டும்தான் என்று நினைக்கிறேன். தீர்ப்புக்கு அடுத்த நாள் தம்பிராசா ஆட்களைக் கொண்டுவந்து துலாவைக் கழற்றி, தன் மாட்டுக்கொட்டிலின் பின்னால் போட்டான். நான் தண்ணீர் இறைக்கிற இயந்திரம் வாங்கினேன். அவனும் வாங்கினான். ஒரே கிணற்றுக்குள் இரண்டு குழாய். எங்கள் இரண்டு வீட்டுப் புகையிலைக் காசும் வழக்குப் பேசிய அப்புக்காத்துமாரின் வீட்டுக்குப் போனது. ஒன்று சொல்கிறேன், இதை நீ அங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போகிற பிள்ளைகளுக்கும் சொல்லலாம். கொழும்பில் என் வீட்டை எரித்தவர்களின் முகம் எனக்குத் தெரியாது. அவர்கள் மேல் எனக்கிருந்த கோபம் மழை மாதிரி, வந்தது, போனது. தம்பிராசாவின் இருமலை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நாள்தோறும் கேட்டேன். அந்தக் கோபத்துக்குத்தான் நான் தினமும் தண்ணீர் விட்டேன். மனிதன் தூரத்துப் பகைவனோடு யுத்தம் செய்கிறான் என்று பேப்பரில் எழுதுகிறார்கள். அவன் முழு நேரமும் யுத்தம் செய்வது பக்கத்து வளவுக்காரனோடு.

பிறகு யுத்தம் முற்றி, பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் வருவது நின்றது. இரண்டு இயந்திரமும் சாக்கால் மூடப்பட்டன. வெங்காயப் பாத்திகள் நுனியிலிருந்து மஞ்சளாகத் தொடங்கின. நான் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஒரே வசனத்தைச் சொன்னேன்: "இனி என்ன செய்து என்ன பிரயோசனம்?" வேலிக்கு அந்தப் பக்கத்தில் அவனும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான் என்று பின்னர் அறிந்தேன். பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டு, அது எப்போது திறக்கும் என்று வீட்டில் காத்திருந்த நீ, எனக்குத் தெரியாமல் அவன் படலையைத் திறந்து உள்ளே போனாய். அங்கே நடந்ததை நீ அம்மாவுக்குச் சொன்னாய். அம்மா எனக்கு, கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு கிழமையாகச் சொன்னா.

"மாமா, உங்கடை துலா சும்மா கிடக்குது. எங்கடை ஆடுகால் சும்மா நிக்குது."

"கொப்பர் அனுப்பினவரோ?"

"அவருக்குத் தெரியாது. தெரிஞ்சால் விடமாட்டார்."

"அப்ப தாறன்," என்றானாம். "ஆனால் ஒண்டு. அந்தாளோடை நான் கதைக்கமாட்டன்."

"தண்ணி இறைக்கக் கதை தேவையில்லை மாமா."

"மிதிக்கிறது ஆர்? எனக்கு முழங்கால் ஏலாது. கொப்பருக்கு மரமேறத் தெரியாது, மரத்தைப் படமாக் கீறத்தான் தெரியும்."

"நான் மிதிக்கிறன்."

அவன் சிரித்தானாம். பிறகு நீ சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்தினானாம். துலா மிதிப்பது ஆண்களின் வேலை. கிணற்றடியில் ஒருவன் நின்று கயிற்றையும் வாளியையும் பார்ப்பான். இரண்டு ஆள் உயரத்தில், பனந்துலாவின் மேல் மற்றவன் முன்னுக்கும் பின்னுக்கும் நடப்பான். முன்னுக்கு நடந்தால் வாளி தாழும், பின்னுக்கு நடந்தால் எழும்பும். மூன்றாவது ஆள் தோட்டத்தில் நின்று பாத்தி பாத்தியாகத் தண்ணீரைத் திருப்பி விடவேண்டும். அந்த வயதுப் பொடியள் எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் இல்லை. சிலர் ஜேர்மனி, கனடா. சிலர் இயக்கத்தோடு காடு. சிலரின் படங்களுக்கு வீட்டில் மாலை போட்டிருக்கிறது.

நாலு பேர் தோளில் வைத்துத் துலாவை ஒழுங்கையால் கொண்டுவந்தபோது நான் படலையில் குறுக்கே நின்றேன். அது என் வளவுக்குள் வரக்கூடாது என்றேன். நீ மெதுவாகச் சொன்னாய்: "அப்பா, தீர்ப்பிலை துலா அவையின்ரை, ஆடுகால் எங்கடை எண்டுதான் இருக்கு. அதைத் தூக்கி இதிலை வைக்கக்கூடாது எண்டு இல்லை." துலா தூக்கியவர்கள் பாரத்தோடு நின்று சிரித்தார்கள். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தின் அடியில் வேறொன்று கிடந்ததை நான் இப்போதுதான் எழுதுகிறேன். இவள் என் வழக்கைப் பேசியிருந்தால் நான் முழுத் துலாவையும் வென்றிருப்பேன் என்று நினைத்தேன்.

நீ மிதிப்பதற்கு எடுத்த உடுப்பு, கப்பலில் நான் உடுத்து வந்த அந்தக் காற்சட்டை. இடுப்பைப் பிடித்துத் தைத்து, காலை மடித்து விட்டிருந்தாய். அதை நான் பெட்டிக்கு அடியில் ஒரு சாட்சிப் பொருளைப் போல வைத்திருந்தேன், யாரிடம் காட்டுவதற்கென்று தெரியாமல். முதல் நாள் நீ துலாவில் ஏறி, இரண்டடி வைத்து, மூன்றாம் அடியில் நின்றுவிட்டாய். உன் கண் கீழே, கிணற்றுக்குள் போனது. பாத்திக்குள் மண்வெட்டியோடு நின்ற தம்பிராசா வெங்காயத்தைப் பார்த்துக் கதைத்தான்: "மிதிக்கிற ஆக்கள் கீழை பாக்கக்கூடாது. எதிரை இருக்கிற பனையைப் பாக்கோணும்." நான் வாளியைப் பார்த்துச் சொன்னேன்: "வெங்காயத்துக்கு உது விளங்கியிருக்கும்." நீ பனையைப் பார்த்தாய். நடந்தாய். வாளி தாழ்ந்தது.

அந்தப் போகம் முழுவதும் அப்படித்தான் இறைத்தோம். "மாமாட்டைச் சொல்லு, வாய்க்கால் உடைக்குது." "கொப்பரிட்டைச் சொல்லு, வாளியை முழுக்க நிரப்பச் சொல்லி." நீ மேலே நின்று இரண்டு நாட்டுக்குத் தூது போனாய். சில வேளை நான் சொன்னதற்கும் நீ அவனிடம் சொன்னதற்கும் ஒரு சம்பந்தமும் இருக்கவில்லை. அவன் வாய்க்காலைக் கட்டத் தெரியாத மூதேவி என்று நான் சொன்னதை, "மாமா, தண்ணி நல்லாப் போகுதாம், அந்த மூலையை மட்டும் ஒருக்காப் பாக்கட்டாம்" என்று நீ மாற்றியதை நான் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். திருத்தவில்லை.

ஊர் சும்மா இருக்குமா. கோயில் வீதியில் வைத்து, எங்களுக்குச் சொந்தமான ஒரு அம்மா, எல்லாருக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னா: "குமர்ப்பிள்ளை காற்சட்டையோடை ஆகாசத்திலை நடக்குது, தேப்பன் கீழை நிண்டு வாளி பிடிக்கிறார். இனி உதை ஆர் கட்டுவான்?" உன் அம்மா சாதாரணமாகச் சண்டைக்குப் போகாதவ. அர்ச்சனைத் தட்டை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு கேட்டா: "ஏன், கட்டுறவன் தண்ணி குடியாதவனோ?" அந்த அம்மா இந்தச் சஞ்சிகையை இரவல் வாங்கியாவது வாசிப்பா என்று எனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தில் பாதி அவவுக்குத்தான்.

குண்டு போட பொம்மர் விமானம் வந்த நாளைப் பற்றியும் எழுதவேண்டும். வெயில் ஏறியிருந்த நேரம். வாளி பாதிக் கிணறு எழும்பியிருந்தது, நீ ஆடுகாலுக்குக் கிட்ட, துலாவின் நடுவில். வடக்கிலிருந்து இரண்டு வந்தன. ஒன்று எங்கள் பக்கம் வளைந்தது. நீ குதித்தால் கால் முறியும். ஆடுகாலைப் பிடித்து இறங்குவதென்றால் துலா ஆடாமல் நிற்கவேண்டும். நிறைந்த வாளியோடு அதை அசையாமல் நிறுத்த ஒருவனின் கை போதாது. என் கையை உரித்துக்கொண்டு கயிறு இறங்கத் தொடங்கியது. அந்த நேரம் பாத்திகளுக்குக் குறுக்காக ஏலாத முழங்காலோடு ஒருவன் ஓடிவந்து, என் கைகளுக்கு மேலே கயிற்றைப் பிடித்தான். அவன் வீட்டுப் பதுங்குகுழி மற்றப் பக்கத்தில் இருந்தது. அதற்கு அவன் ஓடவில்லை.

"பிள்ளை, ஆறுதலா இறங்கு. அவசரப்படாதை. நாங்கள் பிடிச்சிருக்கிறம்," என்றான் உனக்கு. பிறகு எனக்கு, எத்தனையோ வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக: "விட்டிடாதை, மச்சான்."

"வழக்கையே விடாதவன் கயிறை விடுவனோ?" என்றேன்.

நீ இறங்கினாய். மூன்று பேரும் வாய்க்காலுக்குள் குப்புற விழுந்து கிடந்தோம். குண்டு எங்கோ தள்ளி விழுந்தது. எங்கள் தலையில் விழாத குண்டு வேறு யாருடைய தலையிலோ விழுந்தது, அதை மறந்து சந்தோசப்பட எனக்கு மனம் வரவில்லை. சத்தம் அடங்க, சேறு வழிகிற முகத்தை நிமிர்த்தி நீ சொன்னாய்: "ரெண்டு பேரும் கதைச்சிட்டியள்."

"அது கதையில்லை," என்றான் தம்பிராசா. "அது அவசரம்."

இதற்காக நான் அவனை மன்னித்துவிட்டேன் என்று ஒருவரும் நினைக்க வேண்டாம். தண்ணீர் முறையில் அவன் செய்ததை மறக்கமாட்டேன். நான் கீறிய படத்தை அவன் மறக்கமாட்டான். ஆனால் மனிதர்கள் முதலில் சமாதானமாகி, பிறகுதான் ஒன்றாக வேலை செய்யவேண்டும் என்று நான் நினைத்திருந்தது பிழை. அப்படிப் பார்த்துக்கொண்டு இருந்திருந்தால் அந்த வெங்காயம் கருகியிருக்கும். மனம் திருந்தாத இரண்டு பேர் ஒரு கயிற்றைப் பிடிக்கலாம். உன்னிடமிருந்துதான் இதைப் படித்தேன். நீ எங்களைத் திருத்த ஒரு நாளும் முயலவில்லை. துலாவை ஏற்றிவிட்டு, மேலே போய் நின்றாய்.

பிறகு வன்னியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்க ஆள் இல்லை, தொண்டர் ஆசிரியையாக வரமுடியுமா என்று உன்னைக் கேட்டார்கள். நீ ஓம் என்றாய். நான் என் பழைய வசனத்தை எடுத்தேன். "என்ன பிரயோசனம்? மரத்துக்குக் கீழை பள்ளிக்கூடம். கரும்பலகையும் இராது. நாளைக்குப் பொம்மர் வந்தால் மரமும் இராது." நீ வெங்காயப் பிடியைக் கட்டிக்கொண்டே சொன்னாய்: "பொம்மர் வருமெண்டு பாத்திக்குத் தண்ணி விடாமல் விட்டனாங்களோ, அப்பா?" வாதத்தில் தோற்கிற மனிதர்கள் செய்வதையே நானும் செய்தேன், வேறு இடத்தில் அடித்தேன். "நீ போனால் துலா மிதிக்கிறது ஆர்?"

அது உன்னைத் தொட்டது. அடுத்த போகத்துக்குப் பாத்தி கட்டியிருந்தோம். தண்ணீர் இல்லாவிட்டால் இரண்டு வீட்டுக்கும் சாப்பாடு இல்லை. புறப்படுகிற அன்று படலையில் வைத்து நீ சொன்னதை நான் இரவும் பகலும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்: "தண்ணி கடைசிப் பாத்தி மட்டும் போகோணும், அப்பா. போகேல்லையெண்டால் எழுதுங்கோ. நான் திரும்பி வாறன்." நான் போய்வா என்றுகூடச் சொல்லவில்லை. நீ அந்த வாக்கையும் தூக்கிக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போனாய். என் ஒரு வசனத்துக்கு நீ திரும்பி வந்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். அப்படி ஒரு வசனம் கையில் இருப்பது ஒரு தகப்பனுக்கு நல்லதல்ல.

உனக்கு நான் சீதனம் ஒன்றும் சேர்க்கவில்லை. வீடு எரிந்தது, வழக்கு மிச்சத்தைத் தின்றது. வளவையும் நகையையும் எழுதிக் கொடுத்தால்தான் பிள்ளைக்குப் போய்ச் சேரும். தகப்பனின் கோபங்கள் எழுதாமலே போய்ச் சேர்ந்துவிடும். அந்தச் சீதனத்தை நீ வாங்கவில்லை. அசைந்த யன்னல் சீலையைப் பற்றி நான் சொன்னபோதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாய். ஆனால் அதை உன் வீட்டு யன்னலில் கொண்டுபோய்த் தொங்கவிடவில்லை. உன் வகுப்பில் அப்படி ஒரு கோபத்தோடு வந்து இருக்கிற பிள்ளைகள் பலர் இருப்பார்கள். அவர்களுக்குக் கோபப்படாதே என்று சொல்லாதே. அவர்களின் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது, எனக்கு இருந்ததைப் போல. எதிரே இருக்கிற பனையைப் பார்க்கச் சொல்.

இனி, நான் எழுத வந்த விசயம். நீ போன மறுநாள் விடியக் கிணற்றடிக்குப் போனேன். தம்பிராசா எனக்கு முந்தி வந்து, என் இடத்தில், கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். அம்மா பாத்திக்குள் மண்வெட்டியோடு. மேலே துலா ஆளில்லாமல் நின்றது. உன் காற்சட்டை துவைத்துக் கொடியில் கிடந்தது. அதை எடுத்துப் பார்த்தேன். நீ பிடித்துத் தைத்த இடுப்பு எனக்கு இனி ஏறாது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பூவரசில் கால் வைத்தேன். ஏறி முடிய எனக்கு நெடுநேரம் எடுத்தது. மேலே நின்றபோதுதான் நீ எவ்வளவு உயரத்தில் நடந்தாய் என்று விளங்கியது. நான் இத்தனை நாளும் கீழே நின்று பார்த்த உயரம் அல்ல அது.

"கீழை பாக்காதை," என்றான் தம்பிராசா. வெங்காயத்துக்கு அல்ல.

"நீ உன்ரை வாளியைப் பார்," என்றேன்.

"படம் கீறின கால் நடுங்குது போலை."

"நடுங்கினாலும் என்ரை ஆடுகாலிலை நடுங்குது."

"துலா என்ரை. மறந்திடாதை."

நான் பனையைப் பார்த்தேன். முன்னுக்கு ஓரடி வைத்தேன். வாளி தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்டது. பின்னுக்கு நடந்தேன். உன்னைப் போல ஓடி மிதிக்க எனக்கு வராது. அரைவாசித் தோட்டத்துக்கே மத்தியானமாகிவிட்டது. இடையில் இரண்டு தரம் இறங்கி இருந்தேன். தம்பிராசா ஒரு நக்கலும் சொல்லாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். வெயில் சாயத் தொடங்கியபோது, மேலே நின்ற எனக்கு, தோட்டத்தின் அந்தக் கரையில் அம்மா மண்வெட்டியை ஊன்றிக் குனிந்து பார்ப்பது தெரிந்தது. பிறகு அவ நிமிர்ந்து, கையை நெற்றியில் வைத்து எங்கள் பக்கம் திரும்பிச் சொன்னா: "வந்திட்டுது."

பிள்ளை, கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் போகிறது. நீ திரும்பி வராதே.

அப்பா